நான்காம் அடியில் நின்ற பாட்டு

அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தபடியே ஊர் வழக்குகளைத் தீர்த்துவைப்பவரும், இன்று இந்த மேடையின் நடுவே அமர்ந்திருப்பவருமான விழாக் கமிட்டித் தலைவர் பால்துரை அண்ணாச்சி அவர்களே! ஊரின் ஓசைகளை ஒரு சின்ன அறைக்குள் பிடித்துவைக்கும் வித்தை தெரிந்தவரும், எனக்கு வேலை தந்தவரும், இவள் என்ன சொல்லப்போகிறாளோ என்று என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பவருமான ஒலிப்பதிவுக்கூட உரிமையாளர் மகாராஜன் அண்ணன் அவர்களே! துறைமுகத்தில் பகல் ஷிப்டு முடித்து, குளித்த ஈரம் காயுமுன் வந்து அமர்ந்திருக்கும் பெரியவர்களே! எட்டு நாள் வெயில் காட்டாமல் வளர்த்த முளைப்பாரியைத் தலையில் சுமந்துவந்து இந்த அம்மன் வாசலில் இறக்கிவைத்திருக்கும் தாய்மார்களே! வேப்பமரத்து உச்சியில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டி, என் மெல்லிய குரலை உப்பளம் வரைக்கும் கொண்டுபோகும் சுடலைராஜ் அண்ணன் அவர்களே! முன்னால் நாற்காலிகள் காலியாகக் கிடந்தும் பைக்கைவிட்டு இறங்காத தம்பிமார்களே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்தத் தேவகனியின் கைகூப்பிய வணக்கம்.

என்ன அண்ணாச்சி? மெதுவாகப் பேச வேண்டுமா? சரி, மெதுவாகவே பேசுகிறேன். பயத்தில் வேகம் கூடிவிட்டது. மன்னியுங்கள். நான் மேடை ஏறுவது இதுதான் முதல் தடவை. மூன்று வருடம் கல்லூரியில் இயற்பியல் படித்தேன். வருகைப்பதிவு எடுக்கும்போது மட்டும்தான் வாய் திறந்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டம் இது என்று அம்மா தெரு முழுக்க லட்டு கொடுத்தார். ஆனால் அந்தப் பட்டம் எனக்கு மைக் பிடிக்கச் சொல்லித் தரவில்லை.

பிறகு ஏன் ஏறினாய் என்று கேட்பீர்கள். ஏறாவிட்டால் இன்று கும்மி இல்லை! ஆமாம். முன்பாட்டுப் பாட வேண்டிய முருகேஸ்வரி அக்கா அதோ முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் ஒரு விஷயத்தை இந்த மைக்கில், இத்தனை பேர் முன்னால் சொன்ன பிறகுதான் தன் வாய் திறக்கும் என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். ஆகவே, கும்மி வேண்டும் என்பவர்கள் என்னைக் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விஷயம் வேகத்தைப் பற்றியது. பாட்டின் வேகம். படித்தவர்கள் காலப்பிரமாணம் என்பார்கள். நாம் நடை என்போம். ஒரு பாட்டு எந்த நடையில் போக வேண்டும்? அதை யார் முடிவு செய்வது? பாடுகிறவரா? கொட்டுகிறவரா? கேட்கிறவரா? கடிகாரமா?

தூத்துக்குடியில் பிறந்துவிட்டு பரோட்டாக் கடை வாசலில் நிற்காதவர் யாராவது இருக்கிறீர்களா? இருந்தால் கை தூக்குங்கள். ஒரு கைகூட இல்லை. நல்லது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடையில் ஆள் இல்லை. கல்லின்மேல் கொத்து பரோட்டா எப்படி விழுகிறது? டக்... டக்... தூங்கி வழிகிறது. ஏழு மணிக்குக் கூட்டம் நெருக்குகிறது. ஒருவர் பார்சல் கேட்கிறார், ஒருவர் சால்னா கேட்கிறார், ஒரு குழந்தை அழுகிறது. இப்போது எப்படி விழுகிறது? டகடக டகடக டகடக! அதே கைதான். அதே தகடுதான். அதே கல்தான். யார் ஏற்றினார்கள் அந்த வேகத்தை? வாசலில் பசியோடு நின்ற நாம் ஏற்றினோம்!

அந்த மாஸ்டரைக் கண்ணாடி அறைக்குள் தனியே நிறுத்துங்கள். காதில் ஒரு கருவியை மாட்டுங்கள். “நிமிடத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு கொத்து, ஒன்று கூடவும் கூடாது, ஒன்று குறையவும் கூடாது” என்று சொல்லுங்கள். பரோட்டா கொத்துப்படும். ருசிக்கு நான் பொறுப்பில்லை.

சிரிக்கிறீர்கள். முருகேஸ்வரி அக்காவை நாங்கள் அப்படித்தான் நிறுத்தினோம்.

போன மாதம் கமிட்டியில் ஒரு முடிவு எடுத்தார்கள். நம் முளைப்பாரிக் கும்மியைப் பதிவு செய்து, கப்பலில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் வளைகுடாவில் இருக்கும் நம் குடும்பங்களுக்கும் அனுப்ப வேண்டும் என்று. நல்ல முடிவு. எங்கள் ஒலிப்பதிவுக்கூடத்துக்கு முருகேஸ்வரி அக்காவும் கும்மியடிக்கும் பன்னிரண்டு பெண்களும் பட்டுப்புடவையில் வந்தார்கள். பதிவு என்றால் போட்டோ எடுப்பார்கள் என்று நினைத்து வந்தார்களாம். அறைக்குள் போனதும் மகாராஜன் அண்ணன் சொன்ன முதல் வார்த்தை, வளையலைக் கழற்றுங்கள் என்பதுதான். மைக் மிகவும் கூரானது, வளையல் சத்தம் பாட்டை மறைத்துவிடும். தொழில் முறையில் அவர் சொன்னது நியாயம். ஆனால் யாரிடம் சொல்கிறார்? அம்மனுக்கு முளைப்பாரி போட்டு விரதம் இருக்கும் பெண்களிடம், கண்ணாடி வளையலைக் கழற்றிவிட்டு வெறுங்கையோடு அம்மன் பாட்டுப் பாடுங்கள் என்கிறார்!

பன்னிரண்டு பேரும் கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார்கள். சந்தனமாரி அக்காதான் கேட்டார். நண்டுக் கம்பெனியில் பகலெல்லாம் நின்று வேலை பார்க்கிறவர். பேச்சில் மட்டும் எப்போதும் ஓய்வெடுத்து எழுந்த தெம்பு இருக்கும்.

“ஏன் தம்பி, தாலியும் ஆடுதே, அதையும் கழட்டிரணுமோ?”

மகாராஜன் அண்ணன் அன்றைக்குச் சிவந்த சிவப்பை நான் வேறு எந்த நாளும் பார்த்ததில்லை. கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. பன்னிரண்டு பேருக்கும் வளையல்மேல் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டினோம். அடிபட்டு ஆஸ்பத்திரியில் நிற்பவர்களைப்போல நின்றார்கள். கை தட்டினால் துணி துவைக்கும் சத்தம்தான் வந்தது.

அதோடு விட்டோமா? முருகேஸ்வரி அக்காவின் காதில் கருவியை மாட்டினோம். அதற்குள் டிக், டிக், டிக் என்று ஓர் ஓசை ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குக் கிளிக் என்று பெயர். அது கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. நாதஸ்வரக்காரர் திங்கட்கிழமை வந்து வாசித்துவிட்டுப் போவார். தவில்காரர் வியாழக்கிழமை வருவார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே இல்லை. ஆனாலும் பாட்டில் இருவரும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறார்கள் என்றால், அதற்குக் காரணம் அந்த டிக் டிக்தான். பார்க்க முடியாதவர்களுக்கு நடுவே அது தூது போகிறது. அதை நான் வணங்குகிறேன்.

ஆனால், ஒரே தெருவில் வாழ்ந்து, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரே வட்டத்தில் கும்மியடிக்கும் பன்னிரண்டு பேருக்கு நடுவே தூது எதற்கு?

அந்தக் கேள்வி அன்று எனக்குத் தோன்றவில்லை. அக்கா பாடினார். டிக் டிக் ஒரு பக்கம் போனது, அக்கா ஒரு பக்கம் போனார். பதினோரு தடவை பாடினார். பதினோரு தடவையும் நிறுத்தினோம். கடைசியில் மகாராஜன் அண்ணன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து மைக்கில் சொன்னார்.

“அக்கா, கொரல் தங்கமா இருக்கு. ஆனா தாளந்தான் ஒங்களுக்கு நிக்க மாட்டுக்கு.”

இருபது வருடமாக இந்த வாசலில் முன்பாட்டுப் பாடுகிறவர் அவர். பகலெல்லாம் மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்று, ராகத்தை அந்தக் கிரைண்டர் இரைச்சலிலேயே பழகியவர். அக்கா காதிலிருந்து கருவியைக் கழற்றி, துடைத்து, மேசைமேல் வைத்தார். பிறகு கிளிக் இல்லாமலே ஒரு முறை பாடிவிட்டுப் போனார்.

அண்ணன் அந்தப் பதிவை என்னிடம் கொடுத்து, இதை நேராக்கு என்றார். நான் நேராக்கினேன். அது என் வேலை. கணினித் திரையில் பாட்டு ஒரு மலைத்தொடர் மாதிரி தெரியும். எங்கே சீக்கிரம் வந்தார், எங்கே தாமதித்தார் என்று முடி கனத்துக்குப் பார்க்கலாம். பார்த்தேன். பாட்டு முழுவதும் ஓர் ஒழுங்கான குறை இருந்தது. நம் கும்மியில் நான்கு நான்கு அடியாகப் பாடுவோம் அல்லவா?

முத்துப் போல மொளைச்ச பயிரே,
மூணே நாளில் தலைய நீட்டு,
உப்புக் காத்து வீசும் ஊரில்
ஒசந்து நில்லு, தாயே நீயும்!

இந்த நான்காம் அடி முடிந்து அடுத்த அடியை எடுக்கும் முன்னால், ஒவ்வொரு முறையும், முக்கால் நொடி நிற்கிறார். பதினாறு இடங்கள். பதினாறு முக்கால் நொடிகள். பிழை என்று நினைத்தேன். பதினாறையும் வெட்டினேன். வெட்டி ஒட்டிய சுவடு தெரியாமல் அவ்வளவு சுத்தமாகச் செய்தேன். அண்ணன் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். இரண்டு நாள் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முருகேஸ்வரி அக்காவுக்கு அனுப்பினோம். கேட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார். பிறகு கமிட்டிக்கு ஒரு சேதி சொல்லி அனுப்பினார்: இந்த வருடக் கொடை விழாவுக்கு அந்தப் பதிவையே போட்டுக்கொள்ளுங்கள், தாளம் நிற்காதவள் எதற்கு, நான் கடையில் இருந்துகொள்கிறேன் என்று. அண்ணாச்சி, கோபித்துக்கொள்ளக் கூடாது, நீங்களும்தான் அப்போது, அதுவும் நல்லதுதான், தொண்டை கட்டாது என்றீர்கள். இல்லையா? தலையாட்டுகிறார், நன்றி.

ஒத்திகை இந்த வாசலில்தான் நடந்தது. சுடலைராஜ் அண்ணன் பாட்டைப் போட்டார். முதல் அடி, அழகு. இரண்டாம் அடி, அருமை. மூன்றாம் அடி, ஆகா! நான்காம் அடியில் எல்லோரும் குனிந்து தரையருகே கை தட்டினார்கள். நிமிர்வதற்குள் பாட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது! பாதி பேர் நிமிர்ந்துவிட்டார்கள், பாதி பேர் குனிந்திருக்கிறார்கள். பின்னால் வந்தவர் சந்தனமாரி அக்கா மேல் இடித்து, இருவரும் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரே சிரிப்பு. பழி யார்மேல்? பாவம், சுடலைராஜ் அண்ணன்மேல்.

“ஏலே சுடலை, மிசின வேகமா விட்டுட்டியா?”

அவர் அம்மன்மேல் சத்தியம் செய்தார். மறுபடி போட்டார். மறுபடி அதே நான்காம் அடி. மறுபடி அதே தடுமாற்றம். மூன்றாவது முறை சந்தனமாரி அக்கா தானாகவே வட்டத்தைவிட்டு விலகி, கோயில் படியில் போய் உட்கார்ந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

“நீங்க அடிங்கம்மா. நான் இங்கன இருந்து கைதட்டுதேன்.”

அதன் பிறகு கும்மி தடுமாறவில்லை. வட்டத்தில் பதினோரு பேர். பாட்டும் காலும் கச்சிதமாகப் பொருந்தின. ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

நான் ஓரமாக நின்று செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். தாய்மார்களே, கூட்டத்தில் பேசத் தெரியாதவர்களுக்குப் பார்க்க மட்டும் நன்றாகத் தெரியும். தடுமாறிய இடம் எல்லாம் எனக்குத் தெரிந்த இடங்கள். நான் கத்தரி வைத்த இடங்கள்!

வீட்டுக்குப் போய்ப் போன வருடக் கொடையின் வீடியோவைத் தேடி எடுத்தேன். நான்காம் அடி. குனிகிறார்கள். பதினோரு பேர் நிமிர்கிறார்கள். அக்கா பாடாமல் நிற்கிறார். சந்தனமாரி அக்கா ஒரு கையைத் தரையில் ஊன்றி, முழங்காலைப் பிடித்து எழுகிறார். எழுந்ததும், அந்தக் கணமே, அடுத்த அடி! நேரம் கணக்கிட்டேன். முக்கால் நொடி. அதற்கு முந்திய வருடம் பார்த்தேன், அங்கேயும் அதே முக்கால் நொடி. நான்கு வருடத்துக்கு முந்திய வீடியோவைப் பார்த்தேன். சந்தனமாரி அக்கா வேலை செய்யும் இடத்தில் ஈரத் தரையில் வழுக்கி விழுவதற்கு முந்திய வருடம் அது. அதில் அந்த இடைவெளி இல்லை. இல்லவே இல்லை! பாட்டு நிற்காமல் ஓடுகிறது. சந்தனமாரி அக்கா எல்லோருக்கும் முன்னால் துள்ளி நிமிர்கிறார்.

இயற்பியலில் எத்தனையோ அளந்திருக்கிறேன். ஒரு மனுஷி இன்னொரு மனுஷிக்காக எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்று அளந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் மாவுக்கடைக்குப் போனேன். உங்கள் பாட்டை வெட்டியது நான்தான் என்றேன். பிறகு அந்த முழங்காலுக்காகத்தானே நின்றீர்கள் என்று கேட்டேன். அக்கா கிரைண்டரை நிறுத்தினார். அவருக்கே அது புதிய சேதி.

“நின்னனா? எனக்குத் தெரியாது தாயி. அவ எந்திரிக்காம நான் எப்படி அடுத்த அடிய எடுக்க?”

இவ்வளவுதான் அவர் சொன்னது. அறைக்குள் கும்மியடிக்க இடமில்லை. அன்று யாரும் குனியவே இல்லை. எல்லோரும் மைக் முன்னால் கம்பம்போல நின்றார்கள். ஆனாலும் அக்காவின் பாட்டு பதினாறு இடத்தில் நின்றது. எதிரே குனியாத ஒருத்தி எழுவதற்காக நின்றது! இவருக்கா தாளம் நிற்காது? இவருக்கா தாளம் தெரியாது? நமக்கல்லவா தெரியவில்லை!

மறுபடி பதிவு செய்ய வாருங்கள் என்று கெஞ்சி மன்னிப்புக் கேட்டேன், அங்கேயே ஏற்றுக்கொள்வார் என்று நினைத்தேன். அக்கா மறுபடி கிரைண்டரைப் போட்டுவிட்டு, அந்த இரைச்சலுக்கு மேலே சத்தமாகச் சொன்னார்.

“ஏளா, தாளந்தெரியாதவன்னு ஊர் பூரா பேசியாச்சு. மன்னிப்பு மட்டும் மாவுக்கடையில ரகசியமா? ரெக்கார்டிங்குக்கு வாரேன். கொடைக்குப் பாட மாட்டேன். நீ மைக்குல ஏறிச் சொல்லு, பொறவு பாப்போம்.”

போகும்போது இரண்டு பாக்கெட் மாவும் கொடுத்தார். அந்த மாவு இட்லி பஞ்சுபோல இருந்தும் எனக்கு ருசிக்கவில்லை.

மகாராஜன் அண்ணனிடம் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அண்ணன் அந்த மூன்று வீடியோக்களையும் பார்த்தார். மைக்குகளைக் கழற்றிப் பெட்டியில் அடுக்கினார். போன ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் பன்னிரண்டு பேரையும் வட்டமாக நிறுத்தி, கிளிக் இல்லாமல், கைக்குட்டை இல்லாமல், வளையல் குலுங்கக் குலுங்கப் பதிவு செய்தோம். நிமிடத்துக்குத் தொண்ணூறு தட்டில் தொடங்கிய பாட்டு, முடியும்போது நூற்று நாற்பதைத் தொட்டது! எந்த இயந்திரமும் ஏற்றவில்லை. ஒருத்தியின் உற்சாகம் அடுத்தவளுக்குத் தாவி, அடுத்தவளின் கைத்தட்டல் அடுத்தவளை உசுப்பி, அப்படியே ஏறியது. ஏறிய வேகத்திலும், நான்காம் அடியில் நின்றது. நின்று, அழைத்துக்கொண்டு, பிறகு ஏறியது!

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இந்த மேடையில் பென்டிரைவில் வெளியிட்டோமே, அது அந்தப் பதிவுதான். இந்தப் பதிவை எந்தக் கப்பலில் கேட்டாலும், எந்தப் பாலைவனத்தில் கேட்டாலும், நான்காம் அடியில் பாட்டு நின்றால் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நம் தெருவில் ஒருத்தி எழுந்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, இந்த அம்மன் சாட்சியாக, இத்தனை பேர் சாட்சியாக, சுடலைராஜ் அண்ணன் குழாய் சாட்சியாகச் சொல்கிறேன்: முருகேஸ்வரி அக்காவின் தாளத்தில் பிழை இல்லை. பிழை என் கத்தரியில் இருந்தது. என் கண்ணில் இருந்தது. திரையில் பாட்டைப் பார்த்த நான், பாட்டில் மனிதர்களைப் பார்க்கத் தவறினேன். அக்கா, என்னை மன்னியுங்கள்.

என்ன மகாராஜன் அண்ணே? நீங்களும் சொல்ல வேண்டுமா? மைக்கைத் தரட்டுமா? வேண்டாமாம். எழுந்து நின்று கும்பிடுகிறார். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். தாலியைப் பற்றிக் கேட்டதற்குப் பிறகு இன்றைக்குத்தான் மறுபடி அந்தச் சிவப்பு!

கைதட்டல் போதும் அண்ணாச்சி. இல்லை, இல்லை, இது எனக்கான கைதட்டல் இல்லை. கேளுங்கள். முளைப்பாரியைச் சுற்றிப் பெண்கள் எழுந்துவிட்டார்கள், தாளம் பிடிக்கிறார்கள். வளையல் சத்தம் கேட்கிறதா? சுடலை அண்ணே, பென்டிரைவை எடுத்துவிடுங்கள், இன்றைக்கு அது வேண்டாம். முருகேஸ்வரி அக்கா கட்டிய கையை அவிழ்த்துவிட்டார். எழுந்துவிட்டார். வட்டத்துக்குள் போய்விட்டார்.

ஆனால் இன்னும் பாட்டை எடுக்கவில்லை. ஏன்? பாருங்கள். சந்தனமாரி அக்கா கோயில் படியில் கை ஊன்றி எழுந்துகொண்டிருக்கிறார். யாரும் அவசரப்படுத்தாதீர்கள். நானும் கொஞ்சம் நிற்கிறேன்.

எழுந்துவிட்டார்.

இதுவரை எனக்காக நின்ற உங்களுக்கு நன்றி. வணக்கம்.